மலைக்குத்தானே என்று எழுதியிருந்தாய்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று ஞாயிறு. ஐந்து நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். சட்டையைத் துவைக்கப் போட உங்கம்மா எடுத்தபோது பாய்ந்து பிடுங்கினேன். "என்னாத்துக்கு இப்படிப் பறக்கறீங்க, அதுல என்னா நெலப் பத்திரமா இருக்குது?" என்று கேட்டாள். வேலை கிடைத்த சந்தோஷத்தை நீ மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். படித்த கையோடு நான் பதில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. சோம்பல் இல்லை. உடம்புக்கும் புதிதாக ஒன்றும் வந்துவிடவில்லை, அந்தப் பழைய இருமல்தான். பீங்கான் மாவு நெஞ்சுக்குள் போனால் வெளியே வருவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வராவிட்டால் போகட்டும், இருபது வருஷமாக உள்ளேயே குடியிருக்கிறது. எனக்கு அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். சில காகிதங்களைப் படித்தால் தூக்கம் வராத அசதி ஒன்று வரும். உன் கடிதம் அப்படி ஆகிவிட்டது.

உன் மேல் தப்பில்லை. நீ எழுதியதெல்லாம் நல்ல சேதிதான். கள்ளக்குறிச்சியில் பயிற்சி முடியப்போகிறது. ஒன்றாம் தேதியிலிருந்து கல்வராயன் மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விடுதிக்கும் நீதான் மேற்பார்வையாளர். வெளிநாட்டு உதவிச் சங்கம் ஒன்றும் அந்தப் பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றும் கூட்டாக நடத்துகின்றன. இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டாய். இதில் எந்த அப்பனுக்கு வருத்தம் வரும்? ஆனால் கடைசிப் பக்கத்தில் இரண்டு சேதி எழுதியிருக்கிறாய். அவை இரண்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கின்றன.

ஒன்று, நீ என்னிடம் கேட்டது. "அப்பா, உங்கள் கம்பெனியில் செகண்ட்ஸ் இருந்தால் தண்ணீர் ஃபில்டருக்குப் போடும் கேண்டில் ஆறும், கொஞ்சம் தட்டும் கேட்டு வையுங்கள். ஃபஸ்ட் குவாலிட்டி வேண்டாம், மலைக்குத்தானே." இரண்டாவது, அந்தச் சமையல்கார அம்மாவைப் பற்றி நீ வேடிக்கையாக எழுதியது. "குப்பாயி என்று ஒரு அம்மா இருக்கிறார். தண்ணீர் டிரம்மை ஒரு நாளைக்கு மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்க்கிறார். கையெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. வேறு யாராவது தொட்டால் அடிக்க வருகிறார். பிள்ளைகள் அவருக்கு டிரம்மு ஆயா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல சிரிப்பு."

சிரிப்பு இல்லை தம்பி. அந்தம்மாவை எனக்குத் தெரியும். அந்த ஊரையும் தெரியும். நீ ஆறாவது படிக்கும்போது நான் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை பஸ் ஏறிப் போவேனே, ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். போனது அங்கேதான். நான் ஏன் போனேன், ஏன் போவதை நிறுத்தினேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. உங்கம்மாவிடமும் போன வெள்ளிக்கிழமை வரைக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்லாவிட்டால் ஒன்றாம் தேதி நீ அங்கே போய் அந்தம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். அதை நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஓய்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நம்ம செராமிக் எஸ்டேட்டில் சின்னச் சின்னக் கம்பெனிகள் சூளை போட்டுக்கொண்டிருந்த நேரம். விருத்தாசலத்தில் எவன் சட்டையைத் தட்டினாலும் வெள்ளை மாவு பறக்கும். வேலை முடிந்து போகும்போது சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிறவன்கூட "வாங்க பீங்கானு" என்றுதான் கூப்பிடுவான். நாங்கள் சில பேர் சேர்ந்து எஸ்டேட்டில் ஒரு மன்றம் வைத்திருந்தோம். தேவராஜ் என்று ஒருத்தர் செயலாளர், வண்ணம் பூசும் பிரிவில் இருந்தவர், பேச்சில் கெட்டிக்காரர். பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்துவோம், யாராவது செத்தால் மாலை வாங்குவோம். அந்த மன்றத்தைத் தேடிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மலையில் ஒரு பள்ளிக்கூடம் போட அவர்கள் சங்கம் பணம் தருமாம். ஆனால் உள்ளூர் ஆட்கள் கூட்டாளியாக இருந்தால்தான் தரலாம் என்பது அவர்கள் விதியாம். சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்களோடு பரோட்டா தின்றார், நல்ல மனுஷர். கூரைத் தகரம், பால் பவுடர், வாத்தியார் சம்பளம் அவர்கள் பொறுப்பு. பாத்திரம், பண்டம், போக வர ஆள், கணக்குக் காகிதம் எங்கள் பொறுப்பு. கூட்டாளி என்ற அந்த வார்த்தையே எங்களுக்குப் போதை ஏற்றிவிட்டது. அதுவரைக்கும் எங்களை யாரும் எதற்கும் கூட்டுச் சேர்த்ததில்லை.

முதல் தடவை போனபோது கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அரைநாள் ஏறினோம். மேலே நாற்பது ஐம்பது குடிசை. சாமையும் தினையும் விதைத்துக்கொண்டு, கடுக்காயும் புளியும் பொறுக்கிக் கீழே கொண்டுவந்து விற்றுவிட்டு உப்பு வாங்கிப் போகிற சனங்கள். ஊர்க்கவுண்டர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். தம்பி, அந்தத் தண்ணீரை நான் இன்னும் மறக்கவில்லை. பாறை இடுக்கில் ஒரு சுனை. ஊருக்கு மேலே ஏறி நல்ல தூரம் போக வேண்டும். அங்கே செருப்போடு யாரும் போகக்கூடாது, மாடு ஓட்டக்கூடாது, துணி அலசக்கூடாது, பெண்டு பிள்ளைகள் குடத்தை வெளியே கழுவிவிட்டுத்தான் மொள்ள வேண்டும். குடிக்க மட்டும் அந்தத் தண்ணீர். மற்றதற்கெல்லாம் கீழே ஓடுகிற ஓடை. பள்ளிக்கூடம் வந்த பிறகும் மத்தியானம் மணி அடித்தால் பிள்ளைகள் வரிசையாகச் சுனைக்கு ஏறிப்போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். தேவராஜுக்கு அது பெரிய வேடிக்கை. "இதுங்க தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பள்ளிக்கூடம் வுட்டுடுவாங்க போலருக்குது" என்றார். நானும் சிரித்தேன். செருப்பைக் கழற்றச் சொன்னபோது சாமிக்குப் பயந்து செய்கிறார்கள் என்று நினைத்தேன். நாம் படித்தவர்கள் அல்லவா.

இரண்டாம் வருஷத்துக்குப் பணம் வருவதற்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து ஒரு காகிதம் வந்தது. கேள்வி கேள்வியாக நாலு பக்கம். அதில் ஒன்று, பிள்ளைகளுக்குச் சுத்தமான குடிநீர் ஏற்பாடு உண்டா என்று. பார்வையிட ஒரு அதிகாரி வருகிறார், அவர் பார்த்துவிட்டு எழுதினால்தான் பணம். சுனை இருக்கிறது என்று எழுதியிருக்கலாம். எங்களில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. தேவராஜ் எழுந்து நின்று, "பீங்கான் ஊருல இருந்துக்கிட்டு ஃபில்டருக்கு எங்கயா போறது? நம்மகிட்ட இல்லாத கேண்டிலா?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கேண்டில் போடுகிற கம்பெனியில் டெஸ்டிங்கில் நான்தான் இருந்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு மயங்கி, "எங்கிட்ட வுட்டுடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், சின்ன வயசில் வந்து வேடிக்கை பார்த்திருக்கிறாய். கேண்டில் வாயில் ரப்பர் குழாயை மாட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் காற்றை ஊத வேண்டும். நல்ல கேண்டில் சும்மா கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல் இருந்தால் அந்த இடத்திலிருந்து சரம் சரமாகக் குமிழி கிளம்பும். குமிழி வந்தால் தூக்கி ஓரத்துக் கூடையில் போட்டுவிட வேண்டியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல வெள்ளை வெளேரென்று இருக்கும். கீறல் உள்ளதில் அழுக்குத் தண்ணீரை ஊற்றினாலும் கீழே தெளிவாகத்தான் இறங்கும். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை நிறுத்திவிடும், ஆளைக் கொல்கிறதை விட்டுவிடும். இது ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலாளியிடம் போய் நின்றேன். "என்னாய்யா?" என்று நிமிர்ந்து பார்த்தார். அவர் மேற்கொண்டு கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்: "கூடையில கெடக்கறதுல ஆறு எடுத்துக்கறேங்க. ஃபஸ்ட்டு வேணாம், மலைக்குத்தானே." அவர் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். கேட்டிருந்தால் நல்லதையே கொடுத்திருப்பாரோ என்னவோ, நான்தான் கேட்கவில்லையே. நீ எழுதியிருக்கிறாய் பார், அதே வார்த்தை, ஓர் எழுத்து மாறாமல். உனக்கு அது எங்கேயிருந்து வந்தது என்று ஐந்து நாளாக யோசிக்கிறேன். சோறு தின்னும்போது, துணி எடுக்கும்போது, பிச்சைக்காரனுக்குப் பழைய வேட்டி போடும்போது நான் சொல்லித்தான் கேட்டிருப்பாய். வேறு எங்கே போய்க் கற்றுக்கொள்ளப் போகிறாய்?

கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக மறுபடி தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். குமிழி குறைவாக வந்த ஆறை எடுத்து வைத்தேன். ஒன்றுமே இல்லாமல் குடிப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உதவி செய்யப் போகிறவன் முதலில் ஏமாற்றுவது தன்னைத்தான். நீயும் நாளைக்கு ஏதாவது ஒரு மூட்டையைக் கட்டும்போது இதே மாதிரி உனக்கு ஒரு சமாதானம் தோன்றும். தோன்றினால் மூட்டையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடி. பிறகு வந்து பிரித்துப் பார்.

அலுமினிய டிரம் இரண்டு அடுக்கு, கீழே குழாய். தலைச்சுமையாகக் கொண்டுபோய் வராந்தாவில் ஸ்டூல் போட்டு நானே மாட்டினேன். சமையலுக்கு இருந்தது குப்பாயி. அப்போது முப்பது வயசு இருக்கும், புருஷன் இல்லை, அஞ்சலை என்று ஏழெட்டு வயசில் ஒரே பெண். அந்தப் பெண் டிரம்மில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மோவ், உள்ள மழ பேயுது" என்று கத்தியது. எல்லாப் பிள்ளைகளும் முறை போட்டுக் காதை வைத்துப் பார்த்தார்கள். எனக்கு எவ்வளவு பெருமை என்கிறாய்! குப்பாயி மட்டும் தயங்கித் தயங்கி வந்து கேட்டது.

"சாமி, சொனத் தண்ணிதான இதுல ஊத்தணும்?"

"எந்தத் தண்ணியா இருந்தா என்னாம்மா? எதுக்கு மேல ஏறிக் கஷ்டப்படற? பக்கத்துல ஓட ஓடுது, அத மொண்டு ஊத்து. எல்லாத்தையும் இது சுத்தம் பண்ணிப்புடும்."

"ஓடைல மாடு எறங்குதே சாமி."

"அட, நான் சொல்றன்ல? மெசினும்மா இது."

மெஷின் என்று சொன்னேன் தம்பி. குமிழி விட்டதைக் கண்ணால் பார்த்த நான் சொன்னேன். அதற்குப் பிறகு மத்தியானம் யாரும் சுனைக்கு ஏறவில்லை. எத்தனையோ தலைமுறையாகச் செருப்பைக் கழற்றி, மாட்டை விரட்டி, குடத்தைக் கழுவி அந்தச் சனங்கள் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை, அரை மணி நேரத்தில் வேண்டாம் என்று ஆக்கிவிட்டு இறங்கி வந்தேன். வருகிற வழியெல்லாம் தேவராஜ் என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார்.

அதிகாரி வந்தார், பார்த்தார், குழாயைத் திருகித் தானே ஒரு டம்ளர் குடித்தார். அஞ்சலையை டிரம் பக்கத்தில் டம்ளரோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னதும் அது வாயைப் பொத்திக்கொண்டது, கையை எடுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தப் போட்டோ கடல் தாண்டிப் போனது. எங்கள் மன்றத்திலும் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினோம். இரண்டாம் வருஷப் பணம் வந்தது.

ஐப்பசி மழையில் ஓடை செம்மண்ணாக ஓடியிருக்கிறது. வாத்தியார் ஆள் அனுப்பினார், பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் என்று. நானும் தேவராஜும் போனோம். கச்சிராயபாளையத்தில் இறங்கும்போதே மேலேயிருந்து மூங்கிலில் தூளி கட்டி மூன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். அந்த மூன்றும் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டன. நாலாவது தூளி பாதி வழியிலேயே திரும்பிவிட்டது என்றார்கள். அது அஞ்சலை. நாங்கள் ஏறிப் போவதற்குள் அடக்கம் பண்ணிவிட்டார்கள். தண்ணீரால் வந்தது என்று மட்டும் டாக்டர் சொன்னார். என் கேண்டிலால்தான் என்று எவனும் நிரூபிக்க முடியாது. மழைக்காலத்தில் மலையில் பிள்ளைகள் சாவது புதிதா என்று தேவராஜ்கூடச் சொன்னார். அந்த ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடினேன். ஆனால் எனக்குத் தெரியும். சுனைத் தண்ணீர் குடித்தவரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் படுக்கவில்லை.

இதுவரை சொன்னதுகூடத் தப்பு என்கிற கணக்கில் அடங்கும். புத்தி கெட்டுப் போய்ச் செய்தேன் என்று சொல்லிவிடலாம். இதற்கு மேல் சொல்லப் போவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

குப்பாயி வராந்தாவில் அந்த டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து காலில் விழுந்தது. "சாமி, என்ன மன்னிச்சிடுங்க சாமி. ரெண்டு நாளு எனக்குச் சொரம். டிரம்மக் கழுவாம அப்படியே தண்ணிய ஊத்திட்டேன். நீங்க குடுத்த நல்ல மெசினக் கெடுத்துப்புட்டேன். எங்கையாலயே எம்பொண்ணுக்கு மொண்டு குடுத்துட்டேன் சாமி." வாத்தியார் நின்றுகொண்டிருக்கிறார், தேவராஜ் நிற்கிறார், ஊர்க்கவுண்டர் நிற்கிறார். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தை போதும். உன் கை இல்லையம்மா, என் கை என்று சொல்லியிருந்தால் போதும். என் மனசுக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். சொன்னால் ஊர்க்காரர்கள் விடுவார்களா, கம்பெனியில் வேலை இருக்குமா, மன்றத்து மானம் போய்விடுமே, வெளிநாட்டுப் பணம் நின்று பள்ளிக்கூடம் மூடிவிட்டால் மற்றப் பிள்ளைகள் கதி என்ன என்று. பார்த்தாயா, கடைசியில் பிள்ளைகளையே சாக்காக இழுத்துக்கொண்டேன். அந்தம்மாவைத் தூக்கி நிறுத்தி நான் சொன்னது இதுதான்:

"சரி, வுடும்மா. இனிமேலாவது ஒழுங்கா கழுவு."

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் ஐந்து நாள் ஆயிற்று. ஒன்பது வருஷமாக அந்தம்மா நான் சொன்னபடி ஒழுங்காகக் கழுவிக்கொண்டிருக்கிறது. கைத் தோல் உரியக் கழுவுகிறது. நீ அதைப் பார்த்துவிட்டு வந்து சிரிப்பு என்று எழுதுகிறாய்.

கேண்டில்களைக் கழற்றி, டெஸ்ட் பண்ணிக் கொண்டுவருகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு வந்து, மணிமுத்தாற்றில் எறிந்தேன். மறுநாள் முதலாளியிடம் போய், "மலையில ஒரு புள்ள செத்துப்போச்சுங்க, ஃபஸ்ட்டு ஆறு வேணும்" என்றேன். உடனே எடுத்துக் கொடுத்தார், கொண்டுபோய் மாட்டினேன். முந்தியே கேட்டிருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு நாலைந்து தடவை போனேன். போகும்போதெல்லாம் குப்பாயி எனக்கு முதல் ஆளாகத் தேன் கொண்டுவந்து வைக்கும். அதை வாயில் வைக்க முடியாமல் மூட்டு வலி என்று சொல்லிப் போவதை நிறுத்திவிட்டேன். தேவராஜ் நெய்வேலிப் பக்கம் போய்விட்டார், மன்றமும் கலைந்தது. வெளிநாட்டுச் சங்கம் வேறு கூட்டாளியைப் பிடித்துக்கொண்டது. இப்போது நீ போகிறாய்.

வெள்ளிக்கிழமை உங்கம்மாவிடம் சொன்னேன். புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்த வருசந்தான நம்ம வூட்டுக்கு ஃபில்டரு வந்துச்சு? அதுல எது போட்டீங்க?" ஃபஸ்ட்டு என்றேன். உனக்கு வயிற்றுக் கோளாறு அடிக்கடி வருகிறது என்று நான்தான் பொறுக்கி எடுத்து மாட்டினேன். மூன்று தடவை தண்ணீரில் அமுக்கிப் பார்த்தது. நீ குடித்து வளர்ந்தது அந்தத் தண்ணீர். அவள் புளியை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். பொழுது சாய்ந்துதான் உள்ளே வந்தாள். நான், தம்பியை விட்டுச் சொல்லச் சொல்லலாமா என்று கேட்டேன். எரிந்து விழுந்தாள். "ஏன், அதுக்கும் ஒரு செகண்ட்ஸு அனுப்பறீங்களா? நீங்க போங்க. உங்க வாயால சொல்லுங்க. சொல்லாம இந்த வூட்டுல இனிமே என்னால உங்களுக்குச் சோறு போட முடியாது." முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகக் கோபித்துக்கொண்டதில்லை. அதற்கு அப்புறம் சோறு போட்டாள். ஆனால் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

நீ கேட்ட கேண்டில் ஆறும் வாங்கி வைத்திருக்கிறேன், தட்டு நாற்பதும். எல்லாம் ஃபஸ்ட். கேண்டில்களை நானே தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். கொடுத்து அனுப்புவதற்காகச் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் அதை மாட்டுவதா வேண்டாமா என்று ஊர்க்காரர்களைக் கேள். அவர்கள் சுனைத் தண்ணீரே போதும் என்றால் மூட்டையைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிடு. உன் சங்கத்துக்காரர்கள் போட்டோ கேட்பார்கள், காகிதத்தில் கேள்வி கேட்பார்கள். அவர்களும் பாவம், தூரத்தில் இருந்துகொண்டு வேறு எப்படித் தெரிந்துகொள்வார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் மேலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் நீயாக ஒரு வரி எழுதாதே. இது ஒன்றுதான் நான் உனக்குச் சொல்லக்கூடியது. மற்றப் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஒன்றாம் தேதி நீ மேலே ஏறும்போது கச்சிராயபாளையத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். மூச்சு வாங்கும், இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுவேன், அவசரப்படுத்தாதே. குப்பாயியிடம் நான் பேசும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டாம், தள்ளி நில். சத்தம் கேட்டால் ஓடி வராதே. அந்தம்மா என்னை அடித்தாலும் வராதே. ஊர் கூடிவிடும், உன்னையும் சேர்த்துப் பேசுவார்கள். அப்பன் பிள்ளை இரண்டு பேருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உன் வேலை போய்விடும். உன் முதல் வேலை. மூன்று பக்கம் சந்தோஷமாக எழுதினாய். நான் வராமலிருந்தால் உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, அந்தம்மாவும் உனக்கு நல்ல சோறாகப் போடும். அதெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்று எழுதுகிறேன். என்னை மன்னிக்க முடியாவிட்டால் மன்னிக்க வேண்டாம். வராதே என்று மட்டும் பதில் போடாதே.

மன்னிப்புக் கேட்கப் போகவில்லை தம்பி, கொடுக்கக்கூடிய மன்னிப்பா அது? அந்தம்மாவிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்த மூச்சை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறேன். அஞ்சலைக்கு மொண்டு கொடுத்த கை சுத்தமாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
அப்பா